கேரம் பவுடரில் ஒரு காவல்காரன்!

லீவு விட்டால் போதும், கேரம் போர்டைத் தூக்கிக் கொண்டு வந்து விடுவீர்கள், இல்லையா குட்டீஸ்? போர்டு மேலே கொஞ்சம் வெள்ளைப் பவுடரைத் தூவி, உள்ளங்கையால் தேய்த்து, ஸ்டிரைக்கரை ஒரு சுண்டு சுண்டினால் சர்ரென்று வழுக்கிக் கொண்டு போகும். அந்தப் பவுடர் என்ன என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

பெரும்பாலும் அது போரிக் பவுடர். போரிக் அமிலம் என்பது அதன் வேதியியல் பெயர். அதற்குள் இருக்கும் தனிமம்தான் போரான். நகைப் பட்டறையில் தங்கத்தைப் பற்ற வைக்கும்போது ஆசாரி வைப்பாரே, வெங்காரம்? அதிலும் இருப்பது இதே போரான்தான். (கரப்பான்பூச்சியைக் கொல்லவும் போரிக் பவுடரைத்தான் போடுகிறார்கள். அதனால் கேரம் ஆடி முடித்ததும் கையைக் கழுவாமல் முறுக்கைத் தொடாதீர்கள்!)

இந்தச் சாதாரண போரானைத் தேடித்தான், சில ஆண்டுகளுக்கு முன் உலகத்தின் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் எல்லாம் ஓடின. அணுகுண்டு, துறைமுகக் காவல், நிலா என்று எங்கெங்கோ போகிற கதை இது. மெதுவாகவே சொல்கிறேன்.

பிடிபடாத திருடன்

அணுவின் நடுவில் அணுக்கரு இருக்கிறது. அதற்குள் புரோட்டான், நியூட்ரான் என்று இரண்டு வகைத் துகள்கள் உண்டு. புரோட்டானுக்கு நேர் மின்சுமை. நியூட்ரானுக்கு மின்சுமையே கிடையாது. இந்த 'கிடையாது'தான் எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

மின்சுமை உள்ள ஒரு துகள் காற்றுக்குள் பாய்ந்தால், வழியில் இருக்கும் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து எறிந்து கொண்டே போகும். புழுதி ரோட்டில் பஸ் போனால் பின்னால் தூசி கிளம்புவது போல. அந்தத் தூசியைப் பார்த்து 'ஓ, பஸ் போயிருக்கிறது' என்று நாம் சொல்லிவிடலாம். நியூட்ரானோ தூசியே கிளப்பாமல் போகும் பஸ். எந்தச் சத்தமும் இல்லாமல் காரீயத் தகட்டைக் கூட ஊடுருவிப் போய்விடும்.

அதனால்தான் அதைக் கண்டுபிடிக்கவே 1932ம் ஆண்டு வரை ஆயிற்று. இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் சாட்விக் என்ற விஞ்ஞானி, பெரிலியம் உலோகத்தின் மீது ஆல்பா துகள்களை மோதவிட்டார். அதிலிருந்து கண்ணுக்கும் கருவிக்கும் தெரியாத ஏதோ ஒன்று வெளியே வந்தது. அதன் வழியில் மெழுகை வைத்தார். மெழுகிலிருந்து புரோட்டான்கள் தெறித்து வந்தன. யாரோ மோதியிருந்தால்தானே தெறிக்கும்? மோதியவர்தான் நியூட்ரான். 1935ல் சாட்விக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கவனித்தீர்களா? சாட்விக் நியூட்ரானை நேரடியாகப் பிடிக்கவில்லை. அது மோதியதால் தெறித்த வேறொன்றைத்தான் பிடித்தார். இன்று வரைக்கும் நியூட்ரானைப் பிடிக்க அதுதான் வழி. நியூட்ரானை விழுங்கிவிட்டு, மின்சுமை உள்ள துகள்களைத் துப்புகிற ஒரு பொருள் வேண்டும். அப்படிப்பட்ட பொருள்கள் உலகில் அதிகம் இல்லை. வசதியானவை என்று பார்த்தால் மூன்றே மூன்று: ஹீலியம்-3, லித்தியம்-6, போரான்-10.

வாழைப்பழமும் புளுட்டோனியமும்

'நியூட்ரானைப் பிடித்து என்ன ஆகப் போகிறது?' என்று கேட்பீர்கள்.

2001ம் ஆண்டு செப்டம்பர் 11ல் அமெரிக்காவில் நடந்த விமானத் தாக்குதலைப் பற்றி உங்கள் அப்பா, அம்மா சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகு அந்த நாட்டுக்கு ஒரு பயம் வந்தது. யாராவது அணுகுண்டு செய்யும் பொருளைக் கப்பல் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டு வந்துவிட்டால்? துறைமுகங்களிலும் எல்லைகளிலும் பெரிய கதவு போன்ற கருவிகளை நிறுத்தினார்கள். கன்டெய்னர் லாரி அதன் நடுவே மெதுவாகப் போக வேண்டும். உள்ளே கதிர்வீச்சு இருந்தால் மணி அடிக்கும். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாசல்கள்.

இதில் ஒரு வேடிக்கை. வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது. அதில் மிகக் கொஞ்சம் கதிர்வீச்சு உள்ள வகை. நாம் சாப்பிடும் ஒரு சீப்பில் ஒன்றும் தெரியாது. ஒரு லாரி நிறைய ஏற்றினால், காமா கதிரைப் பார்க்கும் கருவி 'ஆபத்து!' என்று கத்திவிடலாம். தரையில் பதிக்கும் டைல்ஸ், பூனை மலம் கழிக்கப் போடும் களிமண் துகள், கிரானைட் கல் எல்லாமே இப்படி வீண் கலவரம் செய்யும். அதே சமயம் உண்மையான திருடன், பொருளைக் கனமான காரீயப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் காமா கதிர் வெளியே வருவது குறைந்துவிடும்.

நியூட்ரான் அப்படி இல்லை. வாழைப்பழம் நியூட்ரானை வெளியிடாது. டைல்ஸும் வெளியிடாது. புளுட்டோனியம் வெளியிடும். அதுவும் காரீயத்தைத் தாண்டி வந்துவிடும். ஆகவே நியூட்ரான் மணி அடித்தால் அதிகாரிகள் நிமிர்ந்து உட்கார வேண்டியதுதான்.

ஒவ்வொரு வாசலுக்குள்ளும் நியூட்ரானைப் பிடிக்க நீளமான குழாய்கள் வைத்தார்கள். குழாய்க்குள் நிரப்பியது ஹீலியம்-3 வாயு. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

குண்டு கசிந்த வாயு

திருவிழாவில் விற்கிற, மேலே பறக்கும் பலூனில் இருப்பது ஹீலியம்-4. இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான். ஹீலியம்-3 அதன் தம்பி. ஒரு நியூட்ரான் குறைவு. இந்தத் தம்பி பூமியில் இயற்கையாகக் கிடைப்பது மிக மிக அபூர்வம். அப்படியானால் இவ்வளவு நாள் எங்கிருந்து வந்தான்?

அணுகுண்டிலிருந்து!

ஆமாம் குட்டீஸ். ஹைட்ரஜன் குண்டுகளில் டிரிட்டியம் என்ற பொருள் உண்டு. அது தானாகவே சிதைந்து கொண்டிருக்கும். 12.3 ஆண்டுகளில் பாதி காணாமல் போய்விடும். காணாமல் போனது என்னவாக மாறுகிறது? ஹீலியம்-3 ஆக. எனவே குண்டு வைத்திருப்பவர்கள் அவ்வப்போது டிரிட்டியத்தை வெளியே எடுத்து, சேர்ந்திருக்கும் ஹீலியம்-3ஐ நீக்கிவிட்டுத் திரும்ப நிரப்புவார்கள். எண்ணெய் மாற்றும் மெக்கானிக்குக் கழிவு எண்ணெய் மிஞ்சுவது போல, குண்டைப் பராமரிப்பவர்களுக்கு ஹீலியம்-3 மிஞ்சியது. அமெரிக்காவும் ரஷ்யாவும் அதைக் குறைந்த விலைக்கு விற்றன.

பனிப்போர் முடிந்தது. குண்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. அமெரிக்கா 1988ல், சவானா ரிவர் என்ற இடத்தில் டிரிட்டியம் தயாரித்த உலைகளை நிறுத்தியது. (பல ஆண்டுகள் கழித்து வேறோர் இடத்தில், சிறிய அளவில்தான் மீண்டும் தொடங்கியது.) குண்டு குறைவது நல்ல செய்திதான். ஆனால் குண்டு குறைந்தால் டிரிட்டியம் குறையும். டிரிட்டியம் குறைந்தால் ஹீலியம்-3 குறையும். குண்டைப் பிடிக்கிற வாயு, குண்டிலிருந்தே வர வேண்டியிருந்தது! இப்படி ஒரு விசித்திரத்தைக் கதையில் எழுதினால்கூட நம்ப மாட்டார்கள்.

2001ல் அமெரிக்காவிடம் சுமார் 2,35,000 லிட்டர் ஹீலியம்-3 இருந்தது. 'இவ்வளவு இருக்கிறதே' என்று துறைமுக வாசல்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். ஆண்டுக்குப் புதிதாகச் சேர்ந்ததோ சுமார் 8,000 லிட்டர்தான். 2010ல் கையிருப்பு சுமார் 50,000 லிட்டர் ஆகிவிட்டது. லிட்டர் நூறு டாலரை ஒட்டி விற்ற பொருள், சுமார் 2,000 டாலருக்குப் போனது.

யார் கணக்குப் பார்த்தார்கள்?

இங்கே கொஞ்சம் நிற்போம். எனக்கு இந்தக் கதையில் விஞ்ஞானத்தைவிட இந்த இடம்தான் அதிக ஆச்சரியம் தருகிறது. எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்பது ஐந்தாம் வகுப்புக் கழித்தல் கணக்கு. ராக்கெட் விடுகிற நாட்டுக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்று?

உங்கள் வீட்டு அரிசி டிரம்மை நினைத்துக் கொள்ளுங்கள். டிரம்முக்குள் எட்டிப் பார்ப்பது பாட்டி மட்டும். அளந்து கொடுப்பது அத்தை. அரிசி கேட்டு வருவது எதிர்வீட்டுக் கல்யாணக்காரர்கள். அத்தை டிரம்முக்குள் பார்ப்பதில்லை. கல்யாணக்காரர்கள் அத்தையிடம் 'அடுத்த வாரமும் கிடைக்குமா?' என்று கேட்கவில்லை. பாட்டியிடம் யாருமே எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் அடியில் படி தட்டும் சத்தம் கேட்கிறது.

நடந்தது கிட்டத்தட்ட இதுதான். குண்டுகளைப் பராமரிக்கும் பிரிவிடம் வாயு இருந்தது. அதே எரிசக்தித் துறையின் வேறொரு பிரிவு விற்றது. வாங்கியது பாதுகாப்புத் துறைகள். 2008 வரைக்கும் தட்டுப்பாடு வரப்போவதை உணரவில்லை. 2011ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் இதை விசாரித்து, ஹீலியம்-3க்கு மொத்தமாகப் பொறுப்பேற்க எந்த அலுவலகமும் இல்லாமல் இருந்ததே காரணங்களில் ஒன்று என்று எழுதியது.

2009ல் அவசரமாக முடிவெடுத்தார்கள்: துறைமுக வாசல்களுக்கு இனி ஹீலியம்-3 கிடையாது. மற்றவர்களுக்கும் ரேஷன்தான்.

மற்றவர்கள் யார்? நுரையீரலைப் படம் பிடிக்க நோயாளிகளை இந்த வாயுவைச் சுவாசிக்க வைத்த மருத்துவ ஆய்வாளர்கள். பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரி குளிரை எட்டுகிற குளிர்பதனக் கருவி செய்பவர்கள். நியூட்ரான் கற்றையை வைத்துப் பொருள்களின் உள்ளே எட்டிப் பார்க்கும் விஞ்ஞானிகள். இந்தக் கடைசிக் கூட்டத்துக்குத்தான் பெரிய இடி. ஏனென்றால் அப்போது ஐரோப்பாவில், சுவீடன் நாட்டின் லூண்ட் நகரில், ஒரு மாபெரும் நியூட்ரான் ஆய்வுக்கூடத்தைக் கட்டத் திட்டமிட்டுக் கொண்டிருந்தார்கள். பெயர், ஐரோப்பிய ஸ்பாலேஷன் சோர்ஸ். 13 நாடுகள் சேர்ந்த திட்டம். புரோட்டான்களை வேகமாக விரட்டி, சுழலும் டங்ஸ்டன் சக்கரத்தின் மீது மோதவிட்டு, நியூட்ரான்களைச் சிதறடிப்பது அதன் வேலை. நியூட்ரான் வந்து குவிந்தால் போதுமா? அதைப் பார்க்க, வகுப்பறைச் சுவர் அளவுக்குக் கருவிகள் வேண்டும். அவற்றை நிரப்ப வாயு இல்லை. விளக்கு இருக்கிறது, கண் இல்லை என்ற நிலை.

அண்ணன் தூங்குவான், தம்பி விழுங்குவான்

இப்போது நம் கேரம் பவுடருக்குத் திரும்புவோம்.

போரானிலும் அண்ணன், தம்பி உண்டு. போரான்-11 அண்ணன், போரான்-10 தம்பி. ஐந்து போரான் அணுக்களை எடுத்தால் நான்கு அண்ணன்மார், ஒரு தம்பி என்ற கணக்கில் இருக்கும். அண்ணன் நியூட்ரானைக் கண்டுகொள்ளவே மாட்டான். தம்பியோ பக்கத்தில் மெதுவாக ஒரு நியூட்ரான் வந்தால் 'லபக்' என்று விழுங்கிவிடுவான். விழுங்கினது செரிக்காது! உடனே இரண்டாக உடைந்து போவான். ஒரு துண்டு ஆல்பா துகள்; இன்னொரு துண்டு லித்தியம் அணுக்கரு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் பாயும். இரண்டுக்கும் மின்சுமை உண்டு. அதாவது, தூசி கிளப்பும் பஸ்கள்!

இந்தக் குணத்துக்காகவே அணு உலைகளில் போரானைக் கடிவாளமாகப் பயன்படுத்துகிறார்கள். 1986ல் செர்னோபில் உலை வெடித்தபோது, ஹெலிகாப்டரிலிருந்து மணல், காரீயம் இவற்றோடு போரான் கார்பைடையும் கொட்டினார்கள். நம்மூர் கல்பாக்கத்தின் வேக ஈனுலையிலும் கட்டுப்பாட்டுக் கோல்களுக்குள் இருப்பது போரான்-10 செறிந்த போரான் கார்பைடுதான். அண்ணன்மாரை விலக்கி, தம்பிகளை மட்டும் பிரித்துச் சேர்க்கும் முறை ஒன்றை அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலேயே உருவாக்கியிருக்கிறார்கள்.

சரி, போரானை வாயுவாகக் குழாயில் அடைத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். போரான் டிரைபுளூரைடு என்ற வாயு உண்டு. பல காலமாகப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். ஆனால் அது நச்சு வாயு; குழாய் உடைந்தால் ஆபத்து. ஆயிரக்கணக்கில் வைக்கத் துணிய மாட்டார்கள். வேறென்ன செய்யலாம்? சுவருக்கு வெள்ளையடிப்பது போல, உலோகத்தின் மேல் போரானை மெல்லியதாகப் பூசிவிடலாம்.

டவுன் பஸ் கணக்கு

எவ்வளவு தடிமனாகப் பூசுவது? 'நிறையப் பூசினால் நிறையப் பிடிக்குமே' என்று சொல்பவர்கள் கையைத் தூக்குங்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தப்பு!

காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். கூட்டத்தின் நடுவே மாட்டிக் கொண்டவர், தன் ஸ்டாப் வந்ததும் 'வழி விடுங்க, வழி விடுங்க' என்று கத்துவார். பஸ் கிளம்பிவிடும். வாசலுக்குப் பக்கத்தில் நிற்பவர் சுலபமாக இறங்கிவிடுவார். (படிக்கட்டில் தொங்கச் சொல்லவில்லை!)

போரான் படலத்துக்குள்ளும் இதே கதை. தம்பி உடைந்து ஆல்பா துகள் கிளம்புகிறது. அது படலத்துக்குள் மூன்று மைக்ரானுக்குச் சற்று மேல்தான் ஓட முடியும். லித்தியத் துண்டு அதில் பாதி தூரம்தான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடி அதைப் போலப் பல மடங்கு பருமன். ஆழத்தில் உடைந்த துண்டு வெளியே வருவதற்குள் களைத்து நின்றுவிடும். வெளியே வந்தால்தானே வாயுவில் எலெக்ட்ரான்களைப் பிய்க்கும்? கம்பிக்கு மின்துடிப்பு போகும்? மணி அடிக்கும்? நியூட்ரானைப் பிடித்தும் யாருக்கும் சொல்லாமல் போய்விடும் காவல்காரனால் என்ன பயன்!

மெல்லியதாகப் பூசினால் துண்டு வெளியே வரும். ஆனால் பெரும்பாலான நியூட்ரான்கள் படலத்தைத் தாண்டிப் போய்விடும். இரண்டு பக்கமும் இடி. என்ன தடிமன் வைத்தாலும், நேராக வரும் நூறு நியூட்ரான்களில் ஒற்றைப் படலம் ஐந்து வரைதான் காட்டிக் கொடுக்கும். ஹீலியம்-3 குழாயோ பாதிக்கு மேல் பிடித்துவிடும்.

இங்கேதான் பிரான்ஸ் நாட்டு கிரெனோபிளில் உள்ள லாவ்-லாஞ்ஜவான் நிறுவனத்து விஞ்ஞானிகள் யோசித்தார்கள். ஒரு படலம் போதாது என்றால் முப்பது படலம் வைத்தால்? பரோட்டா மாதிரி அடுக்கு அடுக்காக! அலுமினியத் தகடுகளின் இரு பக்கமும் ஒரு மைக்ரான் அளவு பூசி, தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே வாயுவும் கம்பியும். முதல் தகட்டை ஏமாற்றின நியூட்ரான் அடுத்ததில் மாட்டும், இல்லாவிட்டால் அதற்கடுத்ததில்.

கணக்குப் போடுவோமா? ஒரு மைக்ரான் படலம் நூற்றில் நான்கு நியூட்ரானைப் பிடிக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். முப்பது படலத்துக்கு 4 x 30 = 120 என்று சொல்லிவிடாதீர்கள். வந்ததே நூறுதான்! முதல் படலத்தைத் தாண்டி 96. இரண்டாவது படலம் அந்தத் தொண்ணூற்றாறில்தான் நூற்றுக்கு நான்கு பிடிக்கும். இப்படியே போனால் முப்பது படலத்தில் எழுபதை ஒட்டிப் பிடிபடும். பிடிபட்டதில் நான்கில் மூன்று பங்கு மட்டும் துண்டை வெளியே அனுப்பும். ஆக, ஏறத்தாழ பாதி. ஐந்து எங்கே, ஐம்பது எங்கே! கால்குலேட்டரில் 0.96ஐ முப்பது முறை பெருக்கிச் சரி பாருங்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. தகட்டைச் சாய்த்து வைப்பது. வெள்ளரிக்காயை நேராக நறுக்கினால் சின்ன வட்டம். சாய்த்து நறுக்கினால் நீள வட்டம். அது போல நியூட்ரான் சாய்வாக நுழையும்போது அதே மெல்லிய படலத்துக்குள் அதிக தூரம் பயணிக்க வேண்டும். மாட்டும் வாய்ப்பு கூடும். துண்டு வெளியே வர வேண்டிய ஆழமோ கூடாது. எளிமையான யோசனை, எனக்கு மிகவும் பிடித்தது.

அணுவை வைத்து கேரம்

ஒரு மைக்ரான் படலத்தை பிரஷ் வைத்துப் பூச முடியாது. பிறகு எப்படி?

லூண்ட் ஆய்வுக்கூடத்துக்காக, சுவீடனின் லின்ஷோப்பிங் நகரில் இதற்கென்றே தனிப் பட்டறை வைத்தார்கள். அங்குள்ள பல்கலைக்கழகம் மெல்லிய படலங்கள் செய்வதில் பேர் போனது. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த எஃகு அறைக்குள் ஒரு பக்கம் போரான் கார்பைடுப் பலகை, தம்பிகள் செறிந்தது. எதிரே அலுமினியத் தகடு. நடுவே கொஞ்சம் ஆர்கான் வாயு. மின்சாரம் பாய்ச்சினால் ஆர்கான் அணுக்கள் மின்சுமை பெற்று, பலகை மீது 'டப் டப்' என்று மோதும். மோதின வேகத்தில் பலகையிலிருந்து போரான், கார்பன் அணுக்கள் தெறித்துப் பறந்து போய் அலுமினியத்தில் ஒட்டிக் கொள்ளும். ஆர்கான்தான் ஸ்டிரைக்கர். போரான்தான் காயின். அலுமினியம்தான் பாக்கெட். பார்த்தீர்களா, கடைசியில் இங்கேயும் கேரம் ஆட்டம்!

ஏன் வெறும் போரான் இல்லை? போரான் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. இந்த ஆட்டத்துக்கு ஒத்துவராது. போரான் கார்பைடு ஒத்துவரும். கெட்டியானதும் கூட. குண்டு துளைக்காத உடைகளில் வைக்கிற அளவுக்குக் கெட்டி. ஆனால் அதிலும் தலைவலி. பூசின படலம் சரியாக ஒட்டாவிட்டால், பழைய சுவரின் சுண்ணாம்பு போல உரிந்து விழும். வெப்பநிலையையும் தடிமனையும் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் ஒட்ட வைத்தார்கள்.

வேறொரு வேடிக்கை, அலுமினியமே பொய் சொன்னது! எந்த அலுமினியத்திலும் யுரேனியம், தோரியம் துளித்துளி கலந்திருக்கும். அவை தாமாகவே ஆல்பா துகளை வெளியிடும். நியூட்ரான் வராமலேயே 'வந்தது வந்தது' என்று கருவி கணக்கில் சேர்த்துக் கொள்ளும். அதற்குத் தகடுகளின் மேல் நிக்கல் முலாம் பூசி, அந்தப் பொய்யனின் வாயை மூடினார்கள்.

2016ல் இப்படிச் செய்த ஒரு மாதிரிக் கருவியை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், அங்கே வேலை செய்து கொண்டிருந்த ஹீலியம்-3 குழாய்களுக்குப் பக்கத்திலேயே வைத்துப் போட்டி நடத்தினார்கள். பழைய ஜாம்பவானுக்குப் பக்கத்தில் புதுப் பையன்! ஒரே நியூட்ரான் கற்றையை இரண்டும் பார்த்தன. பையன் தாக்குப் பிடித்தான்.

துறைமுக வாசல்களுக்கு இவ்வளவு நுட்பம் தேவைப்படவில்லை. உட்புறம் போரான் பூசின குழாய்களை நிறைய அடுக்கினாலே வேலை நடந்தது. லாரிதான் மெதுவாகப் போகிறதே!

மிச்சப்படுத்திய வாயு எங்கே போகிறது?

ஹீலியம்-3ஐவிட போரான் படலம் உசத்தி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சின்னக் கருவிக்கு ஹீலியம்-3தான் இன்றும் ராஜா. பெரிய பரப்புக்குத்தான் போரான். நுரையீரல் படம் எடுத்தவர்கள் செனான் வாயுவுக்கு மாறினார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்து ஆணையம் அதற்கு அனுமதியும் கொடுத்தது. துறைமுகம் மாறியது, மருத்துவமனை மாறியது. மாற முடியாமல் நிற்பது யார்? குளிர்பதனக் கருவிக்காரர்கள்.

ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் குளிர வைக்க வேண்டுமானால், ஹீலியம்-3, ஹீலியம்-4 இரண்டையும் கலந்துதான் ஆக வேண்டும். அந்த இடத்தில் போரானைப் பூச முடியாது. செனானையும் ஊற்ற முடியாது. குவாண்டம் கம்ப்யூட்டர் என்று செய்திகளில் அடிபடுகிறதே, அதில் பல வகைகளுக்கு இந்தக் குளிர் வேண்டும். ஆகவே 2009ல் துறைமுகங்களை நிறுத்தச் சொன்னது அன்றைக்குக் கசப்பாக இருந்தாலும், சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மாற்று உள்ளவர்கள் மாறிக் கொண்டதால்தான், மாற்று இல்லாதவர்களுக்கு இன்று கொஞ்சமாவது கிடைக்கிறது. பழைய குழாய்களிலிருந்துகூட வாயுவை உறிஞ்சி எடுத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

அதுவும் போதாதென்று இப்போது சிலர் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சூரியனிலிருந்து வீசும் துகள் காற்றில் ஹீலியம்-3 உண்டு. பூமியைக் காந்தப்புலமும் வளிமண்டலமும் மூடியிருப்பதால் நமக்கு வந்து சேர்வதில்லை. நிலாவுக்கு அந்தப் போர்வை கிடையாது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிலா மண்ணில் அது படிந்து கொண்டே இருக்கிறது. 2025ல் இன்டர்லூன் என்ற அமெரிக்க நிறுவனம், நிலாவிலிருந்து ஹீலியம்-3 எடுத்துத் தருவதாக, குளிர்பதனக் கருவி செய்யும் பின்லாந்தின் புளூஃபோர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 10,000 லிட்டர் வரை என்று பேச்சு.

நிலா மண்ணில் அது இருக்கும் அளவோ, நூறு கோடிப் பங்கில் பத்துப் பங்கு என்ற மாதிரிதான். அப்படியென்றால் ஒரு லிட்டர் வாயுவுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண்ணைச் சலித்துச் சூடாக்க வேண்டும். லாரிக்குப் பத்து டன் என்று வைத்துக் கொண்டு, 10,000 லிட்டருக்கு எத்தனை லாரி மண் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். நிலாவில் ரோடு வேறு கிடையாது!